மார்கழியில் விரையும் பூமி



வாழ்நாளெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியரின் நினைவாக இந்த அறக்கட்டளை அமைந்திருக்கிறது. அதை அறிந்ததும் பேச்சுக்குப் பொருள் தேட எனக்கு நேரம் ஆகவில்லை. கணக்கு மனிதனுக்கு என்ன கொடுத்தது என்று யாராவது கேட்டால் நான் முதலில் வானத்தைத்தான் காட்டுவேன். கோள்களும் நிலவுகளும் எந்தப் பாதையில், எந்த வேகத்தில், எதனால் சுற்றுகின்றன என்பதே இன்றைய பொருள். எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். ஆனாலும் அதில் பாதியைப் பாடப் புத்தகத்தின் படத்தைப் பார்த்துத் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறோம் என்பது என் கருத்து.

நிலா ஏன் பூமியின்மேல் விழவில்லை? இந்தக் கேள்வியைக் கல்லூரி வகுப்புகளில் பல முறை கேட்டிருக்கிறேன். வரும் விடைகள் இரண்டு வகை. அவ்வளவு தூரத்தில் பூமியின் ஈர்ப்பு இல்லை என்பார்கள் சிலர். ஈர்ப்பு விசை உள்ளே இழுக்கிறது, மையவிலக்கு விசை வெளியே இழுக்கிறது, இரண்டும் சமமாகி நிலா அந்தரத்தில் நிற்கிறது என்பார்கள் மற்றவர்கள். இரண்டும் சரியில்லை. நிலா விழுந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த நொடியிலும் விழுகிறது.

எவ்வளவு விழுகிறது என்பதையும் சொல்லிவிடலாம். மரத்திலிருந்து காம்பு அறுந்த மாம்பழம் முதல் நொடியில் 4.9 மீட்டர், அதாவது 16 அடி, விழும். மாம்பழம் பூமியின் மையத்திலிருந்து ஒரு புவி ஆரத் தொலைவில் இருக்கிறது. நிலா ஏறக்குறைய 60 புவி ஆரத் தொலைவில் இருக்கிறது. தொலைவின் இருமடிக்கு ஏற்ப ஈர்ப்பு குறையும் என்றால் நிலாவின்மேல் அது 60 பெருக்கல் 60, அதாவது 3600 மடங்கு குறைந்திருக்க வேண்டும். 4.9 மீட்டரை 3600 பங்கு போட்டால் 1.36 மில்லிமீட்டர் வரும். நிலா ஒரு நொடியில் நேர்க்கோட்டிலிருந்து பூமியை நோக்கி விலகி விழும் தூரம் மிகச் சரியாக அதுதான். அதே நொடியில் அது பக்கவாட்டில் 1.02 கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. விழுகிற அளவுக்கே அதன் பாதை பூமியைச் சுற்றி வளைந்துவிடுவதால் அது தரையைத் தொடுவதே இல்லை.

நியூட்டன் 1687-இல் வெளியிட்ட நூலில் இதை இன்னும் அழகாகச் சொன்னார். விழும் தூரம் நேரத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். ஒரு நிமிடத்துக்கு 60 நொடி. நிலாவும் 60 ஆரத் தொலைவில் இருக்கிறது. ஆகவே மாம்பழம் ஒரு நொடியில் விழும் அதே 16 அடியை நிலா ஒரு நிமிடத்தில் விழுகிறது. மண்ணுலகுக்கு ஒரு விதி, விண்ணுலகுக்கு ஒரு விதி என்று அதுவரை நம்பியிருந்த உலகத்துக்கு, இரண்டும் ஒன்றே என்று காட்ட இந்த ஒரு வகுத்தல் கணக்கு போதுமானதாக இருந்தது. உயர்நிலைப் பள்ளி மாணவர் யாரும் ஒரு தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. அதைப் போட்டுப் பார்க்காமலேயே நம் பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியேறுகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்து, அங்கே ஈர்ப்பு இல்லை என்று நினைக்கிறோம். அந்த நிலையம் இருப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். சென்னைக்கும் மதுரைக்கும் உள்ள தூரம்கூட இல்லை. அங்கே பூமியின் இழுப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 விழுக்காடு இருக்கும். நிலையமும் விழுகிறது, உள்ளே இருப்பவர்களும் விழுகிறார்கள், அவர்கள் கையிலிருந்து நழுவிய பேனாவும் உடன் விழுகிறது. எல்லாம் ஒன்றாக விழுவதால் ஒன்றுக்கொன்று மிதப்பதுபோல் தெரிகிறது. நொடிக்கு 7.7 கிலோமீட்டர் பக்கவாட்டு வேகம் இல்லையென்றால் சில நிமிடங்களில் தரைக்கு வந்துவிடும்.

அடுத்தது பாதையின் வடிவம். நீள்வட்டம் என்றதும் ஆசிரியர் கரும்பலகையில் முட்டை போல ஒன்றை வரைந்து, அதன் ஓர் ஓரத்தில் சூரியனைப் போடுவார். புத்தகங்களிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள். உண்மை அளவில் வரைந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். செவ்வாயின் பாதையை 20 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு தாளில் வரைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதன் குறுகிய விட்டம் 20 சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாது. பென்சில் கோட்டின் தடிப்பிலேயே அந்த வேறுபாடு மறைந்துவிடும். பார்ப்பவர் எவரும் அதை வட்டம் என்றே சொல்வார்கள். ஆனால் சூரியன் நடுவில் இருக்காது. நடுவிலிருந்து 9 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும். நீள்வட்டப் பாதைகளின் உண்மையான இயல்பு இதுதான்: வட்டத்திலிருந்து நெளிவது மிகச் சிறிது, மையம் விலகுவது பெரிது. பூமியின் பாதை இதைவிடவும் வட்டமானது. அதே 20 சென்டிமீட்டர் படத்தில் அதன் நெளிவு தலைமுடியின் தடிப்பைவிடக் குறைவு. சூரியன் நடுவிலிருந்து தள்ளியிருப்பது 1.7 மில்லிமீட்டர்.

செவ்வாயின் அந்த ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நெளிவைக் கண்டுபிடித்தவர்தான் கெப்ளர். தொலைநோக்கி இல்லாத காலத்தில் டைகோ பிராஹே வெறும் கண்ணால் அளந்து குவித்த அளவுகள் அவர் கையில் இருந்தன. மையம் விலகிய வட்டத்தை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தார். 8 கலை பிசகியது. ஒரு பாகையில் 60 கலை. முழுநிலவின் அகலம் சுமார் 31 கலை. ஆக, நிலவின் அகலத்தில் கால் பங்கு. வேறு யாராக இருந்தாலும் அளந்ததில் பிழை என்று தள்ளியிருப்பார்கள். டைகோவின் அளவுகள் அவ்வளவு பிசகாது என்று கெப்ளருக்குத் தெரியும். ஆண்டுக்கணக்கில் உழைத்த வட்டத்தைத் தூக்கிப் போட்டார். 1609-இல் வெளியான அவருடைய நூலில் செவ்வாய் நீள்வட்டத்தில் ஓடியது. சூரியனுக்கு அருகில் வரும்போது கோள் விரைவாகவும் விலகும்போது மெதுவாகவும் ஓடும் என்ற விதியும் அதே நூலில் இருக்கிறது.

அந்த இரண்டாவது விதிக்கான சான்று நம் வீட்டுச் சுவரில் ஆணியடித்துத் தொங்குகிறது. தினத்தாள் காலண்டரைத்தான் சொல்கிறேன். அதில் ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்தில் தமிழ்த் தேதியும் அச்சாகியிருக்கும். ஒவ்வொரு தமிழ் மாதத்துக்கும் எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். ஆனிக்கு 31 நாள் அல்லது 32 நாள். மார்கழிக்கு 29 நாள் அல்லது 30 நாள். பிப்ரவரிக்கு 28 நாள் என்றது மனிதர்கள் செய்த ஏற்பாடு. ஆனிக்கும் மார்கழிக்கும் நாளை வகுத்தது எந்த அரசரும் இல்லை. வான்வட்டத்தின் 360 பாகையை 12 ராசியாகப் பகுத்து, சூரியன் ஒரு ராசியின் 30 பாகையைக் கடக்க எடுக்கும் காலத்தையே ஒரு மாதம் என்று நம்மவர்கள் வைத்தார்கள். ஒரே அளவான 30 பாகையைக் கடக்க ஆனியில் 31 நாளுக்கு மேலும், மார்கழியில் 30 நாளுக்குக் குறைவாகவும் ஆகிறது. ஏறக்குறைய இரண்டு நாள் வித்தியாசம்.

காரணம் நேரடியானது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஆண்டுதோறும் ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். அது மார்கழி 20-ஐ ஒட்டிய நாள். மிகத் தொலைவில் போவது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டரில். அது ஆனி 20-ஐ ஒட்டிய நாள். மார்கழியில் பூமி நொடிக்கு 30.3 கிலோமீட்டர் ஓடுகிறது, ஆனியில் 29.3 கிலோமீட்டர். நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகம் கூடியதும், சூரியனை நெருங்கியதால் அதே 30 பாகைக்கான பாதை குறுகியதும் சேர்ந்தே மார்கழியைக் குட்டையான மாதமாக்கின. விடியற்காலைக் குளிரில் கோலம் போடுகிற அந்த நாட்களில்தான் பூமி சூரியனுக்கு மிக நெருக்கமாகவும் மிக விரைவாகவும் போகிறது. சூரியனுக்கு அருகில் போனால் கோடை, விலகினால் குளிர் என்ற தவறான பாடத்தை அடியோடு அழிக்க இந்த ஒரு செய்தியே போதும். பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு சாய்ந்திருப்பது. தொலைவுக்கு அதில் பெரிய பங்கு இல்லை.

நம் ஆண்டு விண்மீன்களை வைத்துக் கணக்கிடப்படுவது. ஆகவே இந்த அண்மை நாள் பல நூற்றாண்டுகள் போனாலும் மார்கழியை விட்டு நகராது. ஆங்கில நாட்காட்டியில் அது சுமார் 58 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் முன்னோக்கி நகர்ந்துகொண்டே போகும்.

நம் பழைய சித்தாந்த நூலாசிரியர்கள் நீள்வட்டம் வரையவில்லை. வட்டத்தின்மேல் மந்த வட்டம் என்று ஒரு சிறு வட்டத்தை ஏற்றி, மெதுவான இடத்தை மந்தோச்சம் என்று குறித்து, வேக மாற்றத்துக்கு விடை கண்டார்கள். நீள்வட்டத்தின் நெளிவு சிறிது, மைய விலகல் பெரிது என்று சற்று முன் சொன்னேன். அதனால்தான் வட்டங்களைக் கொண்டே அவர்களால் அவ்வளவு நெருங்க முடிந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவர்கள் எதை அளந்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பழம்பெருமை பேசுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. அளந்ததைத் தெரிந்துகொண்டால் தானாகவே மதிப்பு வரும்.

கெப்ளரின் மூன்றாவது விதியும் நம் நாவில் புழங்குகிறது. குருப் பெயர்ச்சி ஆண்டுக்கு ஒருமுறை, சனிப் பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வியாழன் சூரியனைச் சுற்ற 11.86 ஆண்டு, சனிக்கு 29.46 ஆண்டு. 12 ராசிக்கும் பங்கிட்டால் அந்தக் கணக்கு வரும். பூமி–சூரியத் தொலைவைப் போல வியாழன் 5.2 மடங்கும் சனி 9.5 மடங்கும் தள்ளியிருக்கின்றன. தொலைவின் மும்மடியும் காலத்தின் இருமடியும் ஒரே விகிதத்தில் வளரும் என்ற விதியைப் போட்டுப் பார்த்தால் இரண்டரை மடங்கு காலம் கச்சிதமாக வருகிறது. பெயர்ச்சிப் பலன்களை நான் ஏற்பதில்லை. பெயர்ச்சியின் தேதிக்குப் பின்னால் இருக்கும் கணக்கை மதிக்கிறேன்.

இனி நிலவின் பாதை. வானத்தில் நமக்கு மிக அருகில் இருப்பதும் கணக்குக்கு மிகவும் அடங்காததும் நிலாதான்.

நிலா பூமிக்கு மிக அருகில் வரும்போது சுமார் 3,56,500 கிலோமீட்டர், மிக விலகும்போது சுமார் 4,06,700 கிலோமீட்டர். அருகில் வரும்போது விரைவாகவும் விலகும்போது மெதுவாகவும் நடக்கும். ஒரு அண்மையிலிருந்து அடுத்த அண்மைக்கு 27.55 நாள். இந்தப் பின்னத்தை வைத்துக்கொண்டு நாட்கணக்கு எழுதுவது தொல்லை. ஆனால் ஒன்பது சுற்று போனால் 247.99 நாள், அதாவது 13 நிமிடம் குறைய 248 நாள். அந்த 248 நாளில் ஒவ்வொரு நாளும் நிலா எங்கே இருக்கும் என்று ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொண்டால், அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். எழுத்துக்கு ஓர் எண் என்ற முறையில் ஒவ்வொரு நாளின் நிலையையும் ஒரு சிறு வாக்கியமாக ஆக்கி 248 வாக்கியங்களை மனப்பாடம் செய்தார்கள். அவற்றை வரருசி என்பவர் இயற்றியதாக மரபு சொல்கிறது. நம் ஊர் வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் அதிலிருந்து வந்ததே. இந்த 248 நாள் சுற்று பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் இருக்கிறது. அந்த 13 நிமிடம் சேர்ந்துகொண்டே போகுமே என்று கேட்பீர்கள். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். 110 சுற்றுக்கு 3031 நாள் என்ற பெரிய சுற்று ஒன்று இருக்கிறது. இன்றைய அளவின்படி பார்த்தால் அதன் பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

இதை நடைமுறையில் எப்படிச் செய்தார்கள் என்பதற்கு ஒரு பதிவு உண்டு. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன், 1825-இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலித’ என்ற நூலில் எழுதியிருக்கிறார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் அவர் முன் தரையில் அமர்ந்து, தாளும் பேனாவும் இல்லாமல், சோழிகளை வரிசையாக வைத்தும் எடுத்தும், மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே, 1825 மே 31 – ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடம்தான் வேறுபாடு. நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். முடிவில் பிழை பெருகியதை மறைக்கத் தேவையில்லை. அந்தப் பஞ்சாங்கக்காரருக்குக் கணக்கின் கோட்பாடு தெரியாது என்றும் வாரன் எழுதுகிறார். எனக்கு இதில் வியப்பும் வருத்தமும் சம அளவில் உண்டு. வழிமுறை தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது, ஏன் என்ற விளக்கம் வழியிலேயே விடுபட்டுப்போனது. கல்வி எப்படி இருக்கக் கூடாது என்பதற்கும் இதுவே எடுத்துக்காட்டு. இன்று சூத்திரத்தை உருப்போட்டு மதிப்பெண் வாங்கும் நம் மாணவர்களின் நிலையும் அதேதான்.

நிலவின் நீள்வட்டம் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. அண்மைப் புள்ளியும் சேய்மைப் புள்ளியும் மெல்லத் திரும்பி 8.85 ஆண்டில் ஒரு சுற்று வருகின்றன. இது ஏன் என்று நியூட்டனின் விதியிலிருந்து கணக்கிட்டால் பாதி வேகம்தான் வந்தது. நியூட்டனாலேயே தீர்க்க முடியவில்லை. அறுபது ஆண்டு கழித்தும் ஐரோப்பாவின் கணித அறிஞர்கள் முயன்றார்கள்: கிளெரோ கணக்கிட்டார், ஆய்லர் கணக்கிட்டார், தலாம்பேர் கணக்கிட்டார். மூவருக்கும் பாதிதான். 1747 நவம்பரில் பாரிஸ் அறிவியல் கழகத்தில் கிளெரோ எழுந்து, நியூட்டனின் ஈர்ப்பு விதியே போதாது, அதனோடு இன்னோர் உறுப்பைச் சேர்க்க வேண்டும் என்று அறிவித்தார். ஐரோப்பாவே பரபரத்தது. ஆனால் அவர் தம் கணக்கை விட்டுவிடவில்லை. மிகச் சிறியது என்று முன்பு தள்ளிவிட்ட உறுப்புகளையும் சேர்த்து மீண்டும் போட்டார். விட்டுப்போன பாதி அங்கே கிடைத்தது. 1749 மே மாதம் அதே அவையில் தம் கருத்தைத் திரும்பப் பெற்றார். நியூட்டனின் விதிக்கு அதைவிடப் பெரிய வெற்றி அந்த நூற்றாண்டில் இல்லை என்பேன். அறிவியலாளர் ஒருவர் பலர் அறியத் தம் கூற்றை மாற்றிக்கொண்டதால் கிடைத்த வெற்றி அது.

இத்தனை குழப்பத்துக்கும் காரணம் சூரியன். நிலாவைப் பூமி இழுப்பதைவிடச் சூரியன் இழுப்பது அதிகம், ஏறக்குறைய 2.2 மடங்கு. கேட்டதும் நம்பக் கடினமாக இருக்கும். பிறகு ஏன் நிலாவைச் சூரியன் பிடுங்கிக்கொள்ளவில்லை? பூமியையும் சூரியன் அதே அளவு விழவைக்கிறது, இரண்டும் சேர்ந்தே சூரியனைச் சுற்றுகின்றன. இரண்டின்மேலும் உள்ள இழுப்பின் சிறு வேறுபாடுதான் நிலவின் பாதையைக் கலைக்கிறது. சூரியனிலிருந்து பார்த்தால் நிலா பூமியைச் சுற்றிச் சுருள் சுருளாகப் போவதுபோல் இருக்காது. அதன் பாதை எப்போதும் சூரியன் பக்கமே வளைந்திருக்கும். எந்த இடத்திலும் வெளிப்பக்கம் வளையாது.

நிலவின் பாதைத் தளம் பூமியின் பாதைத் தளத்துக்கு 5 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டும் இரு புள்ளிகளையே நம்மவர்கள் ராகு, கேது என்றார்கள். அமாவாசையோ பௌர்ணமியோ அந்தப் புள்ளிகளுக்கு அருகில் நேர்ந்தால் கிரகணம், இல்லையென்றால் இல்லை. மாதந்தோறும் கிரகணம் வராததன் காரணம் இதுதான். சூரியனின் இழுப்பால் இந்தப் புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டில் ஒரு சுற்று வருகின்றன. ராகு கேது பெயர்ச்சி ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை வருவதும், அவை எப்போதும் பின்னோக்கியே போவதும் இதனால்தான்.

1969-இல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் ஒரு பிரதிபலிப்பான் தட்டை வைத்துவிட்டு வந்தார்கள். பின்னர் மேலும் சில வைக்கப்பட்டன. பூமியிலிருந்து லேசர் ஒளியை அனுப்பினால் சுமார் இரண்டரை நொடியில் திரும்பி வருகிறது. அந்த நேரத்தை அளந்து பார்த்ததில் நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகிப் போகிறது என்று உறுதியாயிற்று. நிலவின் இழுப்பால் கடல் பொங்குகிறது. பூமி நிலாவைவிட வேகமாகச் சுழல்வதால் அந்தப் பொங்கலை நிலாவுக்குச் சற்று முன்னால் கொண்டுபோய்விடுகிறது. முன்னால் இருக்கும் அந்த நீர்த்திரள் நிலாவை மெல்ல முன்னோக்கி இழுக்கிறது. நிலா ஆற்றல் பெற்று மேலே போகிறது. அந்த ஆற்றலைக் கொடுத்த பூமியின் சுழற்சி தளர்கிறது, நாள் நீள்கிறது. ஜான் வெல்ஸ் என்ற தொல்லுயிரியலாளர் 1963-இல் பழம் பவளப் புதைபடிவங்களின் நாள்வரிகளை எண்ணிப் பார்த்தார். ஏறக்குறைய 40 கோடி ஆண்டுக்கு முன் ஓர் ஆண்டில் சுமார் 400 நாள் இருந்தது தெரிந்தது. நாள் அன்று அவ்வளவு குட்டை. கடல் ஓரத்தில் கிடந்த ஒரு பவளம் வானத்தின் கணக்குக்குச் சாட்சி சொன்னதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

செவ்வாயின் நிலவு போபோஸுக்கு இதற்கு நேர்மாறான கதி. அது 7 மணி 39 நிமிடத்தில் செவ்வாயைச் சுற்றிவிடுகிறது. செவ்வாய் ஒருமுறை சுழல்வதற்குள் மூன்று சுற்று. ஆகவே அதன் இழுப்பால் செவ்வாயில் எழும் பொங்கல் பின்தங்குகிறது, போபோஸ் பின்னோக்கி இழுக்கப்பட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. சில கோடி ஆண்டுகளில் அது உடைந்துவிடும்.

வியாழனின் நிலவான அயோவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அயோ வியாழனை நான்கு முறை சுற்றுவதற்குள் யூரோப்பா இரண்டு முறையும் கேனிமீட் ஒரு முறையும் சுற்றுகின்றன. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சந்திப்பதால் அயோவின் பாதை முழு வட்டமாக முடிவதில்லை. மிகச் சிறிய நீள்வட்டம்தான். ஆனால் வியாழனின் ஈர்ப்பு அவ்வளவு பெரிது, அயோ ஒவ்வொரு சுற்றிலும் பிசையப்பட்டுச் சூடாகிறது. அதன் உள்ளே உருகியிருக்க வேண்டும் என்று பீல், கேசன், ரெனால்ட்ஸ் என்ற மூவர் 1979 மார்ச் தொடக்கத்தில் வெளியிட்டார்கள். சில நாளிலேயே வாயேஜர் 1 அனுப்பிய படத்தில் அயோவின் விளிம்பில் எரிமலைப் புகை எழுவதைப் பொறியாளர் லிண்டா மொராபிட்டோ கண்டார். பாதையின் ஒரு சிறு நெளிவு ஒரு உலகத்தையே எரியவைக்கிறது.

நெப்டியூனைத் தாளில் கண்டுபிடித்த கதையும், நூற்றாண்டுக்கு 43 விகலை பிசகிய புதனின் பாதைக்கு 1915-இல் ஐன்ஸ்டைன் விடை சொன்ன கதையும் பலரும் சொன்னவை. அவற்றை விட்டு நம் காலத்துக்கு வருகிறேன்.

2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான் 3 கிளம்பியது. விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் அதன் திட்ட இயக்குநர் என்பது நமக்குத் தெரியும். அது நேராக நிலாவுக்குப் போகவில்லை. பூமியைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு முறையும் பாதையை நீட்டி, ஆகஸ்ட் 1 அன்றுதான் நிலவை நோக்கித் திரும்பியது. இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. எஞ்சினை இயக்கியது பூமிக்கு மிக அருகில் வந்த இடத்தில். அங்கே வேகத்தைக் கூட்டினால் உயர்வது அந்த இடம் அல்ல, பாதையின் எதிர்ப்புறம். அருகில் வேகம் அதிகமாக இருக்கும்போது எரிக்கும் ஒவ்வொரு கிலோ எரிபொருளுக்கும் கிடைக்கும் ஆற்றல் அதிகம். சிறிய ராக்கெட்டைக் கொண்டு பெரிய தூரம் போகும் சிக்கனம் இதில் இருக்கிறது. ஆகஸ்ட் 5 அன்று நிலவின் அருகில் எஞ்சினை எதிர்த்திசையில் இயக்கி வேகத்தைக் குறைத்து அதன் பிடிக்குள் புகுந்தது. ஆகஸ்ட் 23 மாலை தரையிறங்கியது. கெப்ளர் வரைந்த அதே நீள்வட்டங்கள்தான், இம்முறை நம் ஆட்கள் வேண்டியபடி வளைத்துக்கொண்டார்கள்.

2022 செப்டம்பர் 26 அன்று டார்ட் என்ற விண்கலம், ஒரு சிறுகோளைச் சுற்றும் டைமார்போஸ் என்ற சிறுநிலவின்மேல் வேண்டுமென்றே மோதியது. 11 மணி 55 நிமிடமாக இருந்த அதன் சுற்றுக் காலம் அரை மணிக்கு மேல் குறைந்தது. ஒரு விண்பொருளின் பாதையை மனிதர் மாற்றியது அதுவே முதல் முறை.

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. நீள்வட்டப் பாடம் நடத்தும் நாளில் பழைய தினத்தாள் காலண்டர்கள் நாலைந்தை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு தமிழ் மாதத்துக்கும் எத்தனை நாள் என்று பிள்ளைகளே எண்ணட்டும். எந்த மாதத்தில் பூமி விரைகிறது என்று அவர்களே சொல்லட்டும். அதன் பிறகு சூத்திரத்தை எழுதுங்கள். இரண்டாவது, வியாழன் தெரியும் மாதத்தில் ஒரு சாதாரண பைனாகுலரைச் சுவரிலோ தூணிலோ அசையாமல் சாய்த்துவைத்து, அதன் நான்கு நிலவுகளை ஒரு வாரம் தொடர்ந்து நோட்டில் புள்ளி வைத்துக் குறிக்கச் சொல்லுங்கள். 1610 ஜனவரியில் கலிலியோ செய்தது அதைத்தான். கேனிமீட் ஏழே நாளில் ஒரு சுற்று முடிப்பதை ஒரு பிள்ளை தன் கையால் வரைந்துவிட்டால், அதை யாரும் மறக்கடிக்க முடியாது.

அறக்கட்டளைக் குடும்பத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் சொற்பொழிவு நடத்துவதோடு, கிராமத்துப் பள்ளி ஒன்றுக்கு ஒரு பைனாகுலரும் முக்காலியும் வாங்கிக்கொடுங்கள். கணக்கு வாத்தியார் பெயரால் செய்ய அதைவிட நல்ல காரியம் எனக்குத் தோன்றவில்லை.